கஸ்ஸின் தலையில் அறுபத்துமூன்று வேலைகள்

லான்செஸ்டன்,
செவ்வாய், மதியச் சாப்பாட்டு வேளை

வில்மோர் வேளாண் கண்காட்சிக் குழுத் தலைவரும் என் அம்மாவின் ஒரே அண்ணனுமாகிய மதிப்பிற்குரிய டெஸ் மாமா அவர்களுக்கு,

டாம்சின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே உங்கள் நலத்தை விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மழை பெய்ததா, ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தாயிற்றா என்று இன்னும் நாலு வரி ஓட்டலாம்தான். வேண்டாம், சொல்லிவிடுகிறேன். உங்கள் நாய்க்கு அறுபத்துமூன்று வேலைகள் ஒப்படைக்கப்பட்டதற்கு நான்தான் காரணம்.

வியாழக்கிழமை உங்கள் குழு கூடி, எங்கள் மென்பொருளை வைத்துக்கொள்வதா தூக்கி எறிவதா என்று கை உயர்த்தப்போகிறது. எங்கள் நிறுவனத்துக்கு நான் பிடித்துக் கொடுத்த ஒரே வாடிக்கையாளர் நீங்கள். என் மூன்று மாதத் தகுதிகாண் பருவமும் வெள்ளியன்று முடிகிறது. குழு போனால் நானும் போவேன். ஆகவே கை உயர்த்தும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் வேலைப் பட்டியலைக் கவனிக்கும் ஏஐ ஏஜென்டிடம் சில கருவிகள் உண்டு. வேலையைச் சேர்க்க ஒன்று, ஆளிடம் ஒப்படைக்க ஒன்று, ஆளிடம் கேள்வி கேட்க ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கம் இருக்கும். அதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று அது முடிவு செய்யும். அந்த விளக்கங்களை எழுதுவது என் வேலை. நான் இத்தனை வருடம் படித்த நாவல்களில் எல்லாம் பாதியைச் சொல்லாமல் விடுவதுதான் அழகாக இருந்தது, ஆகவே ஒப்படைக்கும் கருவிக்கு, 'நேரம் உள்ளவரிடம் வேலையைக் கொடு' என்று ஒற்றை வரி எழுதினேன், அதன் சுருக்கத்தை நானே மெச்சி ஒரு கோப்பைத் தேநீரும் குடித்தேன். சனிக்கிழமை காலை நீங்கள், 'கண்காட்சி வேலைகளைப் பிரித்துக் கொடு' என்றீர்கள். அது உறுப்பினர் பட்டியலைப் படித்தது. கெவ்: முழங்கால் வலி, ஞாயிறு மட்டும். மெர்ல்: ஸ்கோன் ரொட்டிப் போட்டிக்கு நடுவர், வேறெதுவும் கேட்காதே. கஸ்: எப்போதும் ஓய்வு, எதற்கும் மறுப்பில்லை. போன கிறிஸ்துமஸ் விருந்தில் நாலாவது பீருக்குப் பிறகு தன் கெல்பி நாயை உறுப்பினராகச் சேர்த்தது யார் என்று நான் கேட்கவில்லை மாமா. மரம் வெட்டும் போட்டிக்குக் கட்டை இறக்குவதிலிருந்து கோழிக்கூண்டு கழுவுவது வரை எல்லாம் கஸ் தலையில்.

என் மேலாளர் இமெல்டா திரையைப் பார்த்தார்.

"யாருடி இந்த கஸ்? ஊர்லயே பெரிய கையா?"

"மாமாவோட நாய். ரொம்ப நல்ல நாய்."

சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "அதுக்கு உன் ஊரும் தெரியாது, உன் மாமாவையும் தெரியாது. நீ எழுதுற வரிதான் அதுக்கு உலகமே. என்ன செய்யும்னு எழுது, எப்பச் செய்யணும்னு எழுது, முக்கியமா எப்பச் செய்யக் கூடாதுன்னு எழுது. மிச்சத்தப் படிக்கிறவங்க மனசுக்கு விடுறதெல்லாம் கவிதைக்கு வச்சுக்கோ."

பதற்றத்தில் ஞாயிறன்று ஒரு வரி சேர்த்தேன்: 'மனிதருக்கு மட்டுமே கொடு, சந்தேகம் இருந்தால் கேள்.' அதற்கு எல்லார்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. உறுப்பினர்கள் நாற்பத்தோரு பேரிடமும், 'நீங்கள் மனிதரா?' என்று கேட்டது. மெர்ல் அத்தை பதிலாக ஸ்கோன் படம் அனுப்பினார். கெவ், "முட்டி வலிக்குதே, அது போதாதா?" என்று எழுதினார். நீங்கள் வழக்கம்போல் பதிலே போடவில்லை, ஆகவே மனிதரல்லாதோர் வரிசையில் உங்களைச் சேர்த்துத் தலைவர் வேலைகளிலிருந்து விடுவித்துவிட்டது. கொடுத்த வேலையைத் திரும்ப வாங்குவது பற்றி நான் எதுவுமே எழுதாததால் அறுபத்துமூன்றும் நாயிடமே நின்றுவிட்டன.

மாமா, நான் திருந்திவிட்டேன். ஒப்படைக்கும் கருவிக்கு இப்போது நாலு பக்க விளக்கம். யாருக்குக் கொடுக்கலாம், எந்த விலங்குக்குக் கொடுக்கக் கூடாது, ஆள் கிடைக்காவிட்டால் ஊகிக்காமல் உங்களிடம் கேட்பது எப்படி, எல்லாம் இருக்கிறது. பத்து நிமிடம் முன்புதான் நடைமுறைக்கு வந்தது. என் எழுத்தில் இவ்வளவு அழகில்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை நம்பி ஒரே ஒருமுறை கை உயர்த்துங்கள்.

மெர்ல் அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆடுகள் பெருகட்டும், கண்காட்சியன்று வெயில் அடிக்கட்டும்.

பணிவுடன்,
உங்கள் மருமகள்
டாம்சின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மெர்ல் அத்தை அழைத்தார். "வியாழக்கிழமை வரைக்கும் எதுக்குடி காத்திருக்கணும்? எல்லாரும் மைதானத்துலதான கெடந்தாங்க, நேத்தே கை தூக்கியாச்சு. பேர் போட்டு வேலை குடுத்தா வருசா வருசம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிப்பானுங்க. இந்தவாட்டி, பாவம் நாய் தனியா என்ன பண்ணும்னு ஒவ்வொருத்தனா ஓடி வந்துட்டான். கெவ் அந்த முட்டியோட கட்டை இறக்குறான்! அம்பத்தெட்டு முடிஞ்சிருச்சு. குழுவுல இருக்குற பதினொரு கையும் உங்க மென்பொருளுக்குத்தான், ஒரே நிபந்தனை. நாய்க்கு வேலை குடுக்க வச்ச வரி எதுவோ, அந்த ஒத்த வரியில யாரும் கை வைக்கக் கூடாது." மாமா, நேற்றே நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். நாலு பக்கத்தையும் கழற்ற ஓடுகிறேன்.