ரிஜெக்ட் அண்ணன் கடையில் புகுந்த மரியாதைக்காரன்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சரக்கு விற்றுப்போனால் முகம் வாடும் ஒரே வியாபாரி ரிஜெக்ட் அண்ணன்தான். மற்ற மாநிலங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அங்கேயும் இருக்க வாய்ப்பில்லை.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை. செனாயில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்தார். வரிசையில் வரும் பொருளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, "ரிஜெக்ட்" என்று சொல்லி ஒதுக்கி வைப்பது அவர் வேலை. பணி ஓய்வு விழாவில் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். மேடையிலேயே அதைத் திருப்பிப் பார்த்து, அம்பு ஒட்டி, மேலாளரிடம் திரும்பக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருள்கள் அவரோடு வீட்டுக்கு வந்தன. அந்த ஆண்டு தைப்பூச அன்னதானத்தில் கோயில் அண்டாவில் ஓர் அம்பு காணப்பட்டது. கோயில் தலைவர் விசாரித்தார்.

"என்னய்யா இது?"

"ஒடுக்கு, தலைவரே."

"அது எங்கப்பா காலத்துல விழுந்த ஒடுக்குய்யா!"

"அப்ப ரொம்ப லேட்டாத்தான் ஒட்டிருக்கேன்."

அதன் பிறகுதான் இணையச் சந்தை ஒன்றில் கடை திறந்தார். மாவு அரைக்கும் கிரைண்டருக்கான உதிரிப் பாகங்கள்: கல், மூடி, பெல்ட். ஒவ்வொரு படத்திலும் அம்புகள் இருந்தன. விளக்கம் இப்படிப் போகும்: "மூடியின் உள்பக்கம் ஒரு கீறல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது."

நான் அவருக்குப் பக்கத்து வீடு. ஒரு முறை பெல்ட் வாங்கப் போனேன். பழையதைக் கொண்டுவரச் சொல்லி இழுத்துப் பார்த்தார்.

"இது இன்னும் ஆறு மாசம் ஓடும். போ."

"சத்தம் போடுதுண்ணே."

"நீயுந்தான் போடுற. உன்ன மாத்தியாச்சா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ராணி அக்காவின் குரல் வந்தது. "கடையாம் கடை! வர்றவங்கள வெரட்டி விடுறதுக்கு எதுக்கு இன்டர்நெட்டு? அத வாசல்லயே நின்னு செய்யலாமே."

ஆனாலும் ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கடைக்கு ஏறக்குறைய முழு ஐந்து நட்சத்திரம் சேர்ந்திருந்தது. எல்லாக் குறையையும் விற்பவரே சொல்லிவிட்டால், வாங்கியவர் புகார் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, இணையச் சந்தை நிறுவனத்தின் பெயரில் அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது. கடையைச் சரிபார்க்க வேண்டும், இல்லையேல் மூடப்படும். கீழே இருந்த இணைப்பைத் தொட்டதும் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படிவம் திறந்தது. அதை அவர் முறைப்படி பரிசோதித்தார். நிறுவனத்தின் சின்னம் லேசாகச் சாய்ந்திருந்தது, நிறமும் வெளுத்திருந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார். இவர் குறிப்புகளுக்கான கட்டத்தில், "சின்னம் இடப்பக்கம் சாய்ந்துள்ளது, சரிசெய்யவும்" என்று எழுதினார்.

பன்னிரண்டாவது கட்டம், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எண்ணோடு வந்த செய்தியிலேயே இருந்தது. அதையும் அவர் படித்தார்.

"அப்புறம் ஏண்ணே போட்டீங்க?" என்று பின்னால் கேட்டேன்.

"கட்டம் காலியா இருந்துச்சு தம்பி. இருபத்தெட்டு வருசத்துல ஒரு கட்டத்தக்கூடக் காலியா விட்டுக் கையெழுத்துப் போட்டதில்ல. எப்படி விடுறது?"

மதியத்துக்குள் அவர் கடை அவருக்கே திறக்காமல் போனது. என் கைப்பேசியில் போய்ப் பார்த்தோம். கிரைண்டர் கற்களுக்கு மேலே புத்தம்புதுக் கைப்பேசிகள், குளிர்சாதனங்கள், சலவை இயந்திரங்கள், எல்லாமே பாதி விலையில். படங்கள் பளபளத்தன. ஓர் அம்பு இல்லை. ரிஜெக்ட் அண்ணன் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஒரு கீறலக்கூடக் காட்டலடா. எவன் நம்புவான்?"

நம்பினார்கள். நட்சத்திரங்கள் அவருடையவை அல்லவா?

முதலில் சந்தேகப்பட்டவர் லாயாங் லாயாங் ஊர் மரியா டீச்சர். கடை திறந்த நாள் முதல் வாடிக்கையாளர். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன் டீச்சர்?"

"கல்லு இருக்கான்னு கேட்டேன். 'யெஸ் டியர், இருக்கு டியர், இப்பவே பணம் போடுங்க டியர்'னு பதில் வருது. அலமாக்! ஒம்போது வருசத்துல நீங்க ஒரே பேச்சுல இருக்குன்னு சொன்னதே இல்லையே!"

ரிஜெக்ட் அண்ணன் நிறுவனத்திடம் புகார் செய்தார். அவர்தான் அவர் என்பதற்கு அடையாள அட்டையின் படத்தைக் கேட்டார்கள். அனுப்பினார். "படத்தில் குறிகள் உள்ளன, நிராகரிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. அட்டையில் அவருடைய இடது காது சற்று மங்கலாக இருந்ததால் அங்கே ஓர் அம்பு ஒட்டியிருந்தார்.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காரணம் சரிதான்" என்றார்.

அம்பை உரித்துவிட்டு மறுபடி அனுப்பினார். ஏழு வேலை நாள் பொறுத்திருக்கச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஓர் இளம் தம்பதி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றது. கோத்தா திங்கியிலிருந்து வந்திருந்தார்கள். வெள்ளத்தில் அவர்களுடைய சலவை இயந்திரம் போய்விட்டது. இந்தக் கடையில் புதிதாக ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு பதில் இல்லை. கடைப் பக்கத்தில் இருந்த முகவரியைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

"நீங்கதானே அங்கிள் இந்தக் கட? ஸ்டாரப் பாத்துத்தான் வாங்குனோம்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அவள் நீட்டிய கைப்பேசியில் இருந்த ரசீதை ரிஜெக்ட் அண்ணன் வாங்கிப் பார்த்தார். எதிலும் குறை சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராணி அக்கா அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். காவல் நிலையத்துக்கும் அவர்தான் கூடப் போனார்.

"ஏழு நாள்ல இன்னும் எத்தன பேருடா?" என்றார் அண்ணன்.

பிறகு அலமாரியைத் திறந்தார். ஒன்பது ஆண்டுகளாக வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசோதனைத் தாள் போட்டிருந்தார்: பெயர், தொலைபேசி எண், கிரைண்டரின் வயது, அதைக் கையாளும் லட்சணம். நானும் அவரும் ஆளுக்கொரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தோம். கேட்டது ஒன்றே ஒன்று: கடைப் பக்கத்தில் இருக்கும் புகார் பொத்தானை அழுத்தி, காரணத்தை உள்ளபடி எழுத வேண்டும். "எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எழுதியதன் நகலைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். அதனால்தான் அவை எனக்கும் படிக்கக் கிடைத்தன.

"விற்பவர் மரியாதையாகப் பேசுகிறார்."

"கேட்டவுடன் இருக்கிறது என்கிறார். என் கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை."

"எனக்கு நன்றி சொன்னார். தயவுசெய்து உடனே நடவடிக்கை எடுக்கவும்."

மரியா டீச்சர் கணக்குப் பாடம்போல் முடித்திருந்தார்: "பொருளில் குறையே இல்லை என்கிறார். ஆகவே இது மோசடி."

இரண்டு பேருடைய புகாரை, போதிய விவரம் இல்லை என்று அண்ணனே திருப்பி அனுப்பினார்.

மறுநாள் மதியம் கடை முடக்கப்பட்டது. நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"அங்கிள், உங்க கஸ்டமர்ஸ் எல்லாரும் உங்களப் பத்தி ஒரே மாதிரிதான் எழுதிருக்காங்க."

"என்னன்னு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான் ஓனர்னு, அங்கிள்."

கடை திரும்பி வந்தபோது ஏமாந்தவர்கள் போட்ட ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. அவற்றை நீக்கித் தருவதாக நிறுவனம் சொன்னது. வேண்டாம் என்றுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதினார்: "உண்மை. ரகசிய எண்ணைக் கொடுத்தது நான்தான்." ராணி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை, மதிலுக்கு அந்தப் பக்கம் துணி கும்மும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரிஜெக்ட் அண்ணன் குழாயடியில் குந்தியிருந்தார்.

"மெசினு என்னாச்சுண்ணே?"

"டெலிவரி."

"எங்க?"

"கோத்தா திங்கி. என் கடையில ஆர்டர் போட்டாங்க இல்ல? போய்ச் சேரணும்."

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராணி அக்கா உட்கார்ந்திருந்தார். "கீறல் இருக்குன்னு அஞ்சு எடத்துல அம்பு ஒட்டி அனுப்பிருக்காரு. அந்தப் புள்ள போன் பண்ணி, எந்த பட்டன அமுக்குறதுன்னே தெரியல ஆண்ட்டிங்குது."

சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா வாளியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "காலர்ல அழுக்கு அப்படியே இருக்கு லா. மறுபடி." அண்ணன் வாங்கிக்கொண்டு மறுபடி சோப்புப் போட்டார்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.