அரைத்தையல்காரரின் ஏழு பொத்தான்கள்

தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொள்ளத் தெரிந்த ஆண்கள் காரைக்குடி செக்காலையில் இருந்த அளவுக்குச் சென்னை ராஜதானியில் வேறெங்கும் இருந்ததில்லை. அதற்குக் காரணம் ஒரே ஒரு தையற்காரர். அவர் பெயர் என்னவென்று, அதே தெருவில் பதினெட்டு வருஷம் குடியிருந்த எனக்கும் தெரியாது. ஊர் அவரை அரைத்தையல் என்று அழைத்தது.

தொழிலில் அவரிடம் அரைகுறை கிடையாது. வெட்டு, மடிப்பு, காஜா எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஆண்களின் சட்டைக்கும் கோட்டுக்கும் அவர் பொத்தான் தைத்துத் தரமாட்டார். பொத்தான்களை ஒரு காகிதப் பொட்டலத்தில் போட்டு, நூலும் இரண்டு ஊசியும் சேர்த்துத் துணிக்குள் வைத்துவிடுவார். முதல் ஊசியை எப்படியும் ஒடித்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். பெண்களின் ரவிக்கையை மட்டும் முழுசாக முடித்துக் கொடுப்பார். கேட்டால், "அவுகளுக்கு வேற வேலை தலைக்கு மேல கெடக்கு" என்பார்.

ஆறு வருஷம் ரங்கூனில், நம் ஊர்க்காரர்கள் தொழில் நடத்தும் கிட்டங்கிகளுக்குத் தைத்தவர் அவர். கிட்டங்கியில் ஒரே கூரையின் கீழ் முப்பது நாற்பது ஆண்கள் மூன்று வருஷத் தவணைக்கு இருப்பார்கள். பெண் ஒருத்தி கிடையாது.

"அம்புட்டுப் பேருல ஒருத்தருக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது தம்பி. கப்பலேற நாள் பாக்குறாக, சகுனம் பாக்குறாக. பொத்தான் அந்து போனா என்ன செய்யிறதுன்னு ஒருத்தரும் பாக்கலை. இங்க என்னடான்னா, ஆம்பளையே இல்லாத வீட்டுல ஆச்சிமாருக வர்ற காயிதத்தைப் படிக்க ஆள் தேடிக்கிட்டு இருக்காக. ஆம்பளை ஒரு பாதி, பொம்பளை ஒரு பாதின்னு படிச்சு வச்சிருக்காக!"

நான் அப்போது செக்காலையில் ஒரு பையன்கள் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. என் முதல் சட்டைக்கு ஐந்து பொத்தான். அவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தைத்து முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. ஓர் ஊசி ஒடிந்தது. விரலில் நான்கு இடங்களில் குத்து. அரைத்தையல் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பொத்தான் தூக்குல தொங்குது தம்பி. பிரிச்சுத் தையி."

என் அம்மாவுக்கு இது பெரிய அவமானமாகப் போயிற்று. "வீட்டுல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கையில, உனக்கு எதுக்குடா இந்தப் பொம்பளை வேலை?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் தைக்கத் தெரியும் என்பதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

அவருடைய இன்னொரு பழக்கம், சிறு பெண்களின் பாவாடைக்குக் கேட்காமலே பை வைப்பது. ஒருநாள் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் பாவாடையோடு கடைக்கே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"பொட்டப்புள்ளைக்குப் பை எதுக்கு வச்சீக?"

"பயகளுக்கு எதுக்கு வைக்கிறோம் ஆச்சி?"

"அவன் பம்பரம் கிம்பரம் போட்டு வச்சிருப்பான்."

"இதுவும் போட்டு வச்சிருக்கட்டும்."

அந்த மாதம் முடிவதற்குள் செக்காலைத் தெருவில் பம்பரம் விடும் பெண்பிள்ளைகள் ஏழு பேரை நானே எண்ணினேன். ஆச்சியின் பேத்தி நன்றாகவே விட்டாள்.

அரைத்தையலுக்கு ஒரே மகள், பாக்கியம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் இல்லாததால், அவளை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார். தலைமையாசிரியர் அவளிடம் நான்கு கணக்குக் கேட்டார். நான்குக்கும் விடை சொல்லிவிட்டு, ஐந்தாவதை அவள் கேட்டாள். அவர் உடனே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பதிவேட்டில் 'மாணவன் பெயர்' என்று அச்சடித்திருந்த பத்தியில், நாலாம் வகுப்பின் முப்பத்தொன்றாவது வரியில், பாக்கியம் என்று எழுதினேன்.

பள்ளிக்கூடத்து மானேஜர் செட்டியார் அப்போது ரங்கூனில் இருந்தார். இன்ஸ்பெக்டர் வருகைக்குப் பதினைந்து நாள் முன்னால் ஊர் திரும்பியவர் பதிவேட்டைப் பார்த்தார்.

"பயக பள்ளிக்கூடத்துல பொட்டப்புள்ளைக்கு என்ன சோலி? பேரை அடிங்க."

எழுத்தில் உத்தரவு இல்லாமல் பதிவேட்டில் அடித்தல் கூடாது என்று சொன்னேன். எனக்கு அப்போது தைரியம் இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். விதி அப்படித்தான் இருந்தது.

"சரி. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு நானே வந்து முன்னால நின்டு அடிக்கச் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடும்போது பெயர் இருந்தால் பாக்கியம் நாலாம் வகுப்பு. இல்லாவிட்டால் அவள் படிப்பு அன்றோடு சரி.

அந்த நாள் காலை ஒன்பதே காலுக்கு மானேஜர் வந்தார். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் சிவகங்கையிலிருந்து மோட்டாரில் வருவதாகத் தகவல். மானேஜரின் புதுக் கறுப்புக் கோட்டைத் தையற்கடையிலிருந்து டிரைவர் நேரே பள்ளிக்கூடத்துக்கே கொண்டு வந்திருந்தார். நான் மைக்கூட்டைத் திறந்து, பேனாவை வைத்தேன். "மொதல்ல கோட்டு, பெறகு பேரு" என்றார் மானேஜர்.

கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடினார். பிறகு காலடியில் விழுந்த பொட்டலத்தைப் பிரித்தார். ஏழு பொத்தான், நூல், இரண்டு ஊசி.

"என்னய்யா இது?"

வருஷக்கணக்காக ரங்கூனிலேயே இருந்துவிட்டு வந்தவருக்கு அரைத்தையலின் வழக்கத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. டிரைவர் கடைக்கு ஓடினார். ஒன்பது முப்பத்தெட்டுக்குத் திரும்பி வந்தார்.

"ஊசியும் நூலும் உள்ளயே இருக்காம். அதுக்கு மேல உங்க பாடுன்னு சொல்லிட்டாருங்க."

மானேஜர் முகம் கோட்டின் நிறத்துக்குப் போயிற்று. அப்போது தலைமையாசிரியர், "அந்தத் தையக்காரர் மகள்தான் பாக்கியம். நாலாம் வகுப்பிலே இருக்கிறாள்" என்று மெதுவாகச் சொன்னார்.

"கூப்பிடுங்க அதை!"

பாக்கியம் வந்து நின்றாள். பாவாடைப் பையில் பலப்பம் துருத்திக்கொண்டிருந்தது.

"இந்தா புள்ள, இதைத் தையி."

"எனக்குத் தைக்கத் தெரியாதுங்க."

"என்னது! தையக்காரன் மகளுக்கா?"

"அப்பா சொல்லித் தரலை. கணக்குக் கேட்டீகன்னா சொல்லுவேன்."

தலைமையாசிரியர் சுவரில் இருந்த ஆசியா படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

களவை ஒப்புக்கொண்டவனைப் பார்ப்பது போல மானேஜர் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார்.

பாக்கியம் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு பொத்தானுக்கு நாலு நிமிசம். ஏழுக்கு இருபத்தெட்டு. இருக்கிறது இருபது. அஞ்சு முடியும். ரெண்டுக்கு ஆள் இல்லை."

"அப்ப என்ன செய்யிறது?" மானேஜர் அவளிடம்தான் கேட்டார்.

"இன்னொரு ஊசி இருக்கே."

தலைமையாசிரியர் ஆசியாவை விட்டுத் திரும்பவில்லை. மானேஜர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோட்டின் மேல்பாதி என் மடியில், கீழ்ப்பாதி அவர் மடியில். அவருக்கு நூல் கோக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"முடிச்சு அய்யா, முடிச்சு. முடிச்சுப் போடாம இழுத்தா நூல் கையோட வந்துரும்."

"தெரியுதுய்யா." சற்றுக் கழித்து, தலை நிமிராமல் சொன்னார்: "மொதத் தவணைக்குப் போனப்ப ஒரு வருசம் ஊக்கைக் குத்திக்கிட்டே திரிஞ்சேன். யாருகிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு."

"பன்னெண்டு நிமிசம் இருக்கு" என்றாள் பாக்கியம்.

மோட்டார் பத்து நான்குக்கு வந்தது. எங்கள் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்தே எழுதுகிறேன். மானேஜர் ஏழு பொத்தானும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பேனா வைத்த இடத்திலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டி, முப்பத்தொன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இது யார்? பெண்ணா?"

மானேஜர் கடைசி இரண்டு பொத்தானையும் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை அரைத்தையலின் கடை வாசலில் மானேஜரின் மோட்டார் நின்றது. தெருவே கூடிவிட்டது. மிஷினைத் தூக்கி எறியப்போகிறார் என்று சிலர் முன்னாலேயே இடம் பிடித்துக்கொண்டார்கள். மானேஜர் கோட்டை நீட்டினார்.

"கீழ ரெண்டும் ஆடுது. எப்பிடின்னு காட்டும்."

அரைத்தையல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேல அஞ்சும் குமாஸ்தா தம்பி கை. முடிச்சைப் பாத்தாலே தெரியுது. கீழ ரெண்டும் மொத தடவைக்கு மோசமில்லை. இப்பிடி உக்காருங்க."

கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

பாக்கியம் இப்போது திருச்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. அரைத்தையல் போன ஐப்பசியில் காலமானார். எங்கள் வீட்டில் பொத்தான் அறுந்தால் என் மனைவி அதை என்னிடம்தான் கொண்டுவந்து தருகிறாள். தைத்து முடித்ததும் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறேன். தூக்கில் தொங்குவதாக யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் ஒருமுறை பிரித்துத் தைத்துவிடுகிறேன்.