கருப்பு எடுத்துக்கொடுத்த கடவுச்சொல்

பொட்டலூர் துணை மின்நிலையம்,
டி. கல்லுப்பட்டி வழி.

சிம்மக்கல் மச்சான் அழகுபாண்டி அவர்களுக்கு, மைத்துனன் முத்திருளன் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அக்காவின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும்.

மச்சான், எனக்கு மெமோ வந்திருக்கிறது. ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கையில், உங்களை ஏன் பணியிடை நீக்கம் செய்யக் கூடாது என்று மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பணிக்காலத்தில் வாங்கிய பதினான்கு மெமோவுக்கும் நீங்களே விளக்கம் எழுதித் தப்பித்தவர் என்பதால், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மின்சாரத் துறைக்கு இணையப் பாதுகாப்பு விதி என்று ஒன்று வந்திருக்கிறது. எவனோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பொட்டலூர் கரண்டைப் பிடுங்கிவிடுவானாம். அதற்கு வெளியாள் எதற்கு, நாங்கள் போதாதா? ஆகவே கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்தில் இருக்க வேண்டும், பெண்டாட்டி பெயர் ஆகாது, யாராலும் யூகிக்க முடியக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. மனுசன் யோசித்தால்தானே மனுசன் யூகிப்பான் என்று, பத்துச் சீட்டில் பத்துச் சொல் எழுதி நம் கருப்புசாமி காலடியில் போட்டேன். பூசாரி சோலை கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். திருவுளச்சீட்டைச் சபையில் சத்தமாகப் படிக்காவிட்டால் சாமி குத்தம் என்பது உங்களுக்கே தெரியும். திருவிழா நேரம் வேறு, கையில் மைக் இருந்தது. பெரிய ஏ, சின்ன கே, ஒரு நட்சத்திரம், ஏழு என்று மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தரம் படித்துவிட்டார். பொம்பளைகள் குலவை போட்டார்கள். சீட்டையெல்லாம் அங்கேயே சூடத்தில் கொளுத்திவிட்டேன், எழுதி வைக்கக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை.

நேற்று ஆய்வுக்கு வந்த ரோகிணி மேடம் டீக்கடை காளையிடம் வழி கேட்டிருக்கிறார். காளை வழியோடு நிற்காமல், "முத்திருளண்ணே சாப்பிடப் போயிருப்பாரு மேடம். நீங்களே பெரிய ஏ, சின்ன கே போட்டு உள்ள போங்க" என்று மிச்சத்தையும் ஒப்பித்திருக்கிறார். மேடம் உட்கார்ந்த இடத்திலேயே மெமோவை அடித்தார். கடவுச்சொல்லைத் தானே மாற்றி, எனக்குக்கூடச் சொல்லாமல், எங்கும் எழுதாமல், விதி என்றால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காளை ஒன்றும் யூகிக்கவில்லை, காதால் கேட்டதைத்தான் சொன்னார் என்று எழுதினால் நிற்குமா? பென்சன் போய்விடும் போலிருக்கிறது மச்சான், எப்படியாவது எழுதிக் கொடுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கருப்பு கூடவே நிற்கட்டும்.

இப்படிக்கு,
முத்திருளன்

பின்குறிப்பு: எனக்கு விளக்கம் வேண்டாம். இதை ஒட்டுவதற்குள் மூன்று ஊருக்கும் கரண்ட் போய், திரும்பப் போடக் கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டது. மேடத்துக்குப் போன் போட்டால் அவருக்கே மறந்துவிட்டதாம். நேற்று அவருக்கு டீ கொண்டுவந்த காளை பின்னால் நின்று பார்த்திருக்கிறார். பால் ஆற்றிக்கொண்டே பன்னிரண்டு எழுத்தையும் சொன்னார், கரண்ட் வந்துவிட்டது. விஷயம் மேலிடத்துக்குப் போய், என் மெமோவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இப்போது மேடத்துக்கு மெமோ வந்திருக்கிறது. மூன்று நாள்தான் டைம். மேடம் நல்ல பிள்ளை மச்சான், அதற்கு ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்கள்.