நீல மூடித் தூக்கு

முதல் வடை எண்ணெயில் விழுந்ததும் நூறு துண்டாகச் சிதறியது. தையல்காரர் கரண்டியும் கையுமாக, பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் காலைப் பலகாரம் அவர் சுடும் பயறு வடைதான். கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பயறை ஊறவைத்து அரைத்து, நீல மூடி போட்ட தூக்கில் ஊற்றி வைப்பார். "மாவு அரை மணி நேரம் அப்படியே கிடக்கணும். நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்பாள் மனைவி. வந்து சுட்டால் அத்தனையும் பொன்.

இன்றைக்கும் அரைத்தார், குளித்தார், வந்தார். மனைவிதான் இல்லை. தன் அண்ணனை அழைத்து வர ரயில் நிலையம் போயிருந்தாள். "இந்த மாப்பிள்ளைக்கு ஊசியில நூல் கோக்கறதைத் தவிர ஒண்ணும் வராது" என்று கல்யாணத்தன்றே சொன்ன மனுஷர் அவர். வடையின் புகழைக் கேட்டு, "தின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று கிளம்பி வருகிறார். இருபது வருடத்துப் பேச்சை இன்று மாற்றியாக வேண்டும்.

மாவு தளர்ந்துவிட்டது போல என்று அரிசி மாவை அள்ளிப் போட்டார். அடுத்த வடை சிதறவில்லை. கைதவறித் தரையில் விழுந்து 'ணங்' என்றது, அப்போதும் உடையவில்லை.

சோடா உப்பைத் தூவினார். அடுத்தது புசுபுசுவென்று எழுந்து, இருந்த எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்து வடையை அளந்தும் பார்த்துவிட்டார். வழக்கமான அளவுதான். அதே பயறு, அதே கை, அதே வாணலி. அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"ரயில் லேட்டு. இப்பதான் ஆட்டோ ஏறினோம். நீங்க எதையும் தொடலையே?"

"சுடவே ஆரம்பிச்சிட்டேன்!"

"ஐயையோ! நான் வர்ற வரைக்கும் அடுப்புப் பக்கமே போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"ஏன், உன் முகத்தைப் பாத்தாத்தான் மாவு வடையாகுமா?"

பின்னால் அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

தெருக்கோடியில் ஒரு அக்கா மாவு அரைத்து விற்பது நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் பேர் வாங்கிய கை, கடை மாவுக்கு நீளுவதா? மனது குத்தியது. அந்தச் சிரிப்பு அதைவிடக் குத்தியது. வாங்கியது வெளியே தெரியாமல் இருக்க, மிச்ச மாவோடு தூக்கையே எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தக் கடை வாசலை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

மிதித்ததுதான் தாமதம், கடைக்குப் பின்னாலிருந்து ஏழெட்டுக் கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு வந்து அவரைச் சூழ்ந்துகொண்டன. அவர் முகத்தை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் தூக்கின் மேல்தான். ஒரு சேவல் எம்பி நீல மூடியைக் கொத்தியது.

"சூ! சூ! அக்கா, இதுங்களுக்கு என்ன வந்துச்சு? பயறு வடை மாவு இருக்கா? அவசரம்!"

அக்கா தூக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தூக்கைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாவுக்குன்னு எடுத்துத்தான் வச்சிருக்கேன். முதல்ல அதுல இருக்கிற மாவைக் கோழிக்குக் கொட்டிட்டுத் தூக்கைக் குடுங்க, வாராவாரம் மாதிரி நிறைச்சுத் தர்றேன்!"