இரண்டாவது கேமரா

தனக்கு உதவியாக ஓர் ஆளை வைத்துக்கொள்வதென்று கல்யாண வீடியோக்காரர் ஒருநாள் காலையில் முடிவெடுத்தார். அதை மனைவியிடம் சொல்லும்போது வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார். வலி என்றால் நம்பும்படி இருக்க வேண்டுமே!

"இருபத்திரண்டு வருஷமா கேமரா தூக்குற தோள். இனிமே தாங்காது. ரெண்டாவது கேமராவுக்கு ஆள் வேணும். நிரந்தரமா இல்ல. கல்யாணத்துக்குக் கல்யாணம் வந்துட்டுப் போற மாதிரி, ஃப்ரீலான்ஸ்."

"தாராளமா வைங்க," என்றாள் மனைவி.

அவருக்குத் திக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை.

உண்மையில் கோளாறு தோளில் இல்லை, நாக்கில். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. வீட்டிலிருந்து வெல்லத்தூள் வரை நாடு கடத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அளவு ஏறிக்கொண்டே போனது. மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். காணாமல் போன புத்தகம் யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏங்க, காத்துல கலந்தா வருது?" என்று கேட்பாள். அவரும் சேர்ந்து ஆச்சரியப்படுவார்.

காற்றில் வரவில்லை. கல்யாணத்தில் வந்தது. மண்டபத்தில் இனிப்பு மேசை திறந்ததும், கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டு, இவரும் ஓடிவிடுவார். போன மாதம் யாரோ முக்காலியை இடித்துவிட்டார்கள். மணப்பெண்ணின் அப்பா வீடியோவோடு வாசலில் வந்து நின்றார்.

"நான் மேடையில அழுதேனே சார், அது எங்க? பன்னெண்டு நிமிஷம் கூரை விளக்குதான் தெரியுது!"

"நல்ல விளக்கு சார் அது."

இன்னொரு விளக்கு வந்தால் தொழில் அணைந்துவிடும் என்று அவருக்குப் புரிந்தது. இனிப்பையும் விட முடியாது, தொழிலையும் விட முடியாது. இரண்டாவது கேமரா ஒன்றுதான் வழி.

முதலில் வந்தவர் பேசிக்கொண்டே கூடத்தில் ட்ரோனைப் பறக்கவிட்டார். அது மின்விசிறியோடு சண்டைக்குப் போய்த் தோற்றது. அடுத்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி துணிப்பையோடு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இவருக்குப் பிடித்துப்போயிற்று.

"நம்ம தொழில்ல எடுக்கறவங்க கண்ணுல படக் கூடாதும்மா. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு வா. பொண்ணு மாப்பிள்ளைய நான் எடுப்பேன். நீ என்னை எடு. நான் உன்னைப் பாத்துட்டா நீ தோத்துட்ட."

"சரி சார்."

தேநீர் கொண்டுவந்த மனைவி, "நல்ல பரீட்சை," என்றாள். அவர் மார்பு இரண்டங்குலம் விரிந்தது. இருபத்திரண்டு வருஷத்துக் கண்ணை யார் ஏமாற்ற முடியும்? அப்படியே ஏமாற்றினாலும், தான் எவ்வளவு கம்பீரமாக வேலை செய்கிறோம் என்று வீட்டில் பார்க்கட்டுமே. இனிப்பு மேசை அந்த நிமிஷம் அவர் நினைவிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மணமக்களைவிட அதிகமாக அந்தப் பெண்ணைத்தான் தேடினார். தூணுக்குப் பின்னால் பார்த்தார். திரைச்சீலையை விலக்கினார். ஒரு பூந்தொட்டியைக்கூட நகர்த்திப் பார்த்தார். எங்கும் இல்லை. மதியத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, பெண் பயந்துபோய் வரவே இல்லை. நிம்மதியாக முக்காலியை நிறுத்திவிட்டு மேசைக்குப் போனார்.

மறுநாள் மாலை கூடத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு வரலம்மா. பாவம்," என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் வந்தாள். துணிப்பையிலிருந்து மெமரி கார்டை எடுத்தாள். மனைவி அதை வாங்கி டிவியில் செருகிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரை முழுக்க அவர் முகம். மீசையில் கிரீம்.

"ஃபோகஸைப் பாரு!" என்று தன்னை மறந்து கத்திவிட்டார். "மீசையில ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது!"

"ஆமாங்க, தெரியுது," என்றாள் மனைவி. "ஏம்மா, இது எத்தனாவது கேக்?"

"நாலாவது அக்கா. ஐஸ்கிரீம் இன்னும் வரல."

"ஓ, வருதா?"

அவர் சட்டென்று எழுந்தார். "இது செல்லாது. நான் இவளைப் பாத்துட்டேன். பரீட்சையில தோல்வி."

"எங்க பாத்தீங்க?" என்றாள் மனைவி.

"தூணுக்குப் பின்னால."

"நான் தூண்கிட்டயே போகல சார்."

இப்போது அவருக்கு மானத்தைவிட ஆவல் பெரிதாகிவிட்டது. "பின்ன எங்கதான் நின்ன?"

"உங்க எதிர்லதான். தொப்பி, முகக்கவசம், ஏப்ரன். டிஷ்யூ பெட்டிக்குள்ள சின்ன கேமரா. ரெண்டாவது கேக்கை உங்க தட்டுல வச்சதே நான்தான் சார். 'நல்லா இரும்மா'ன்னு சொன்னீங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. டிவியை அணைத்தாள்.

"ஆறு வருஷமா உங்க ரிப்போர்ட்டைப் பாத்து நான் பயந்துட்டிருக்கேன்," என்றாள் மெதுவாக. "நீங்களும் என்கூட உக்காந்து ஆச்சரியப்பட்டீங்க."

அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று இந்தப் பெண்ணை அனுப்பினால் காரணம் உலகத்துக்கே தெரிந்துவிடும். அதோடு, இவ்வளவு நன்றாக எடுப்பவள் இனிக் கிடைக்கவும் மாட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"சரி, வேலை உனக்குத்தான். ஆனா ஒரே நிபந்தனை. இனிமே என் பக்கம் கேமரா திரும்பக் கூடாது."

"நீங்க குடுக்கற கேமரா திரும்பாது சார்," என்றாள் அவள்.

"வேற எது திரும்பும்?"

மனைவி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள்.

"ஃப்ரீலான்ஸ்தானேங்க? ஒரே மண்டபத்துல ரெண்டு பேருக்கு வேலை பாக்கலாமாம், நேத்தே பேசி முடிச்சிட்டேன். பொண்ணு மாப்பிள்ளை உங்களுக்கு. நீங்க எனக்கு."