வேழம் 4.0 திட்டமும் சரோஜம்மாளின் தகரமும்

அலறியது சைரன்!

ஒரு நாடு வல்லரசாகும்போது இப்படித்தான் சத்தம் வரும் என்று திட்ட அலுவலர் பூபதி போன வாரமே சொல்லி வைத்திருந்தார். ஆகவே ஜவளகிரிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோரச் சிற்றூரில் நடந்த ‘வேழம் 4.0’ தொடக்க விழாவில் பந்தலே எழுந்து கைதட்டியது. பூபதி நான்கு திசைக்கும் கும்பிடு போட்டார்.

கைதட்டாதவள் சரோஜம்மாள் ஒருத்திதான். அவளுடைய ஒன்றரை ஏக்கர் ராகி முற்றி நின்றது. நாலு நாளில் அறுப்பு. பந்தலிலிருந்து பார்த்தாலே நிலம் தெரியும். அதில் கறுப்பாக ஒன்று அசைவதும் தெரிந்தது.

“சார், ஆனை!”

“ஆமாம்மா, அதுக்குத்தான் இந்தத் திட்டமே.”

“அய்யோ, நெசமான ஆனை சார்! எங்க ராகில நிக்குது!”

பூபதியின் முகம் மலர்ந்தது. முதல் நாளே பயனாளி வந்துவிட்டது! “பதறாதீங்க. ஆப்ல பதிவு பண்ணுங்க. நம்பர் வந்த உடனே விரட்டுற குழு புறப்பட்டுடும்.”

குழு தூரத்தில் இல்லை. பந்தலுக்குப் பின்னால், ஜீப்பில் சாய்ந்தபடி நால்வரும் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள்.

“அண்ணா, வாங்கண்ணா! அதோ நிக்குது பாருங்க!”

“எங்களுக்கும் தெரியுதும்மா. நம்பர் வந்துச்சா?”

முன்பெல்லாம் இந்த ஊர் இருளில் கிடந்தது. யானை வந்தால் ஒரு வீட்டில் தகரம் தட்டுவார்கள். அது கேட்டு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று நாற்பது தகரம் சேர்ந்து முழங்கும். யானை காட்டுக்குள் போய்விடும். ஆப் கிடையாது, பதிவு எண் கிடையாது, என்ன அநாகரிகம்! ‘முழு டிஜிட்டல் கிராமம்’ என்ற சான்றிதழுக்காக அந்தத் தகரங்களை எல்லாம் வாங்கி, இ-சேவை மையத்தின் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார் பூபதி.

சரோஜம்மாள் போனை அழுத்தினாள். அது கன்னடத்தில் பேசியது.

“இன்னாக்கா சொல்லுது?” என்றாள் இ-சேவை மையத்து சுகுணா.

“நான் கர்நாடகாவுல நிக்கிறனாம்டி. அந்தச் சர்க்காரத்தான் கேக்கணுமாம்.”

“அக்கட்டால டவரப் புடிச்சிக்குச்சு. நம்ம டவரு ஒரே எடத்துலதான்க்கா எடுக்கும். உங்க நெலத்துல, நடுவால இருக்குதே புளியமரம், அதாண்ட.”

இருவரும் பார்த்தார்கள். யானை புளியமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“அதுக்கு ஃபுல் சிக்னல்க்கா,” என்றாள் சுகுணா.

பூபதி அதற்கும் தீர்வு வைத்திருந்தார். “சிம்பிள்மா. யானை போனதும் மரத்துக்கிட்ட நின்னு பதிவு பண்ணுங்க. குழு வந்து யானையை விரட்டிடும்.”

சரோஜம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினாள். கண்ணாடி உடைந்தது. ‘யானை விரட்டும் தகரம். பயன்பாட்டுக் காலம்: சென்ற மாதம் வரை’ என்ற அட்டையோடு ஒரு தகரம் வெளியே வந்தது.

டண்! டண்! டண்!

ஊருக்குக் கை துறுதுறுத்தது. ஊர்ப் பெரியவர் கோவிந்தப்பன் கேசரி அண்டாவின் மூடியை எடுத்தார். யாரோ அண்டாவையே எடுத்தார்கள். பந்தல் காலியானது. நிலத்தை நெருங்கி ஊரே முழங்க, யானை திரும்பிப் பார்த்தது, காதை ஆட்டியது, ஒரு வாய் ராகியோடு நிதானமாகக் காட்டுக்குள் போனது. கால்வாசிப் பயிர் போயிருந்தது, முக்கால்வாசி தப்பியது.

அதற்குள் பூபதி அறிக்கையை அனுப்பிவிட்டார்: ‘சைரன் ஒலித்த பதினேழாவது நிமிடம் யானை வெளியேறியது. புகார்கள்: இல்லை. வெற்றி: நூறு சதவீதம்.’

மூச்சிரைக்க வந்து நின்றாள் சரோஜம்மாள். தகரம் இன்னும் அவள் கையில் இருந்தது.

“சார், இத மட்டும் எங்கிட்டயே வுட்டுருங்க. அறுப்பு முடியட்டும், குடுத்துர்றேன்.”

“அதெப்படிம்மா? எடுத்த இடத்துலயே வச்சிடுங்க. நாளைக்கு டெல்லியிலேர்ந்து அதிகாரிங்க வர்றாங்க, இந்த ஊரு எவ்வளவு பின்தங்கி இருந்துச்சுன்னு பார்க்க!”