பரணில் ஏறிய ரௌட்டர்

தொம்மலூர்,
பெங்களூரு.

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் நாராயணசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை மங்கையர்க்கரசியைக் கட்டிக்கொண்ட கணேசமூர்த்தி வணங்கி எழுதிக்கொள்வது. குடியாத்தத்தில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். தங்கள் முழங்கால் வலிக்குப் போட்ட எண்ணெய் கேட்கிறதா? இங்கே நான், மங்கை, மகன் சஞ்சய், மருமகள் தாரணி நால்வரும் சௌக்கியம். வீட்டில் நெட் ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லை.

இந்தக் காலத்தில் யாரய்யா கடுதாசி போடுகிறான் என்று கேட்பீர்கள். போன் போட்டால் உங்கள் தங்கை பக்கத்திலேயே நின்று, “யாரு, அண்ணனா? ஸ்பீக்கர்ல போடுங்க” என்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் மேலே சொன்ன நோயாளி படுத்துக்கிடக்கிறது. விஷயமோ அவள் காதில் விழக்கூடாத விஷயம். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த சீர்ப் பாத்திரங்களைத் தயவுசெய்து கொஞ்ச நாளைக்குத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான், முழுக்கப் படியுங்கள்.

தாரணி வீட்டிலிருந்துதான் ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். மாடி அறையில் உட்கார்ந்தால் கீழே கூடத்தில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்த பழைய ரௌட்டர் அவளை மதிப்பதே இல்லை. மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துவிடுவாளாம். மேனேஜரும் மற்றவர்களும் அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போன வாரம் மழையில் போன் சிக்னலைத் தேடி மொட்டைமாடிப் படிக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “நான் சொல்றது கேக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பூர்ப் பெண், எவ்வளவு மரியாதையாகக் கேட்டும் நெட் கேட்கவில்லை. மேனேஜர் கடைசியாகச் சொல்லிவிட்டாராம்: இனி ஒரு தடவை அறுந்தால் தினமும் ஆபீசுக்கு வந்துவிடு. ஆபீஸ் சர்ஜாபுரம் ரோட்டில். இங்கிருந்து அந்த டிராஃபிக்கில் போய் வருவதற்குள் அடுத்த நாள் மீட்டிங் வந்துவிடும். அதனால் சஞ்சய் அந்தப் பக்கமே ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறான். “அங்க ஒவ்வொரு ரூமுக்கும் கேபிள் பாயிண்ட் இருக்குப்பா” என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னான். எனக்கு எந்தப் பக்குவமும் வரவில்லை மச்சான். அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நான், உங்கள் தங்கை, எங்களுக்கு நடுவில் ரிமோட். “நீ ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே, நெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் அரசாங்கத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு குண்டூசி வாங்கியவனில்லை. அப்படிப்பட்டவன் போகிற போக்கில் ஒரு ரௌட்டரை வாங்கிவிடுவேனா? கொள்முதல் குழு அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர் மங்கை. தாரணி சிறப்பு அழைப்பாளர், வாக்குரிமை கிடையாது. முதல் கூட்டத்திலேயே அவள், “மாமா, மெஷ்ஷுன்னு ஒண்ணு இருக்குதுங்க. மூணு சின்ன டப்பா வரும். கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு வெச்சுட்டா வீடு பூரா வந்துருமுங்க” என்றாள். நானும் குறித்துக்கொண்டேன். உங்கள் தங்கை விடவில்லை. “ஒண்ணு வாங்கினா மூணு தர்றானா? அப்ப ஒண்ணொண்ணும் உருப்படியா வேலை செய்யாதுன்னு அவனுக்கே தெரியும்” என்றாள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலவே பட்டது. மெஷ் தொழில்நுட்பத் தகுதிச் சுற்றிலேயே வெளியேறியது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம், குழு முழுவதும். கடைக்காரர் எட்டு ஆண்டெனா வைத்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து, “இது தகொள்ளி சார், மூரு ஃப்ளோர் கவர் ஆகத்தே” என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னார். மூன்று மாடிக்கு வருமென்றால் எங்கள் ஒன்றே ஒன்று மாடிக்கு வராதா? இருந்தாலும் விதியை விடலாமா? இன்னும் இரண்டு கடை ஏறி கொட்டேஷன் கேட்டேன். ஒருவர், “ஒரே ஒரு பீஸுக்கா சார்?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். ஆண்டெனா எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தாரணி என் காதோடு சொல்லிப் பார்த்தாள். மங்கையோ, “எட்டு கையோட எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. குழுவின் முடிவு ஏகமனதானது.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் பிரித்தேன். வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. உடனே டேப் எடுத்து வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை நீளவாக்கில் அளந்தேன். நடுப்புள்ளி எங்கே வந்தது தெரியுமா? சாமியறைக்கும் சமையலறைக்கும் இடையிலே இருக்கும் பரணில். உங்கள் சீர்ப் பாத்திரங்கள் குடியிருக்கும் அதே பரண். கேபிள்காரர் சின்னப்பாவைக் கூப்பிட்டு வயரை அங்கே ஏற்றினோம். மங்கை எட்டு ஆண்டெனாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். புதுசு, யார் கண்ணும் படக்கூடாது என்று, ரௌட்டரைப் பெரிய அண்டாவுக்கும் பித்தளைத் தவலைக்கும் பின்னால் பத்திரமாகத் தள்ளி உட்கார வைத்தாள். கற்பூரம் காட்டினோம். சுவிட்சைப் போட்டேன். எல்லா விளக்கும் எரிந்தது. மாடியில் போய்ப் பார்த்தால் பழைய நெட்டாவது உறைந்து நின்றது, இது வரவே இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பரணுக்குப் பின்சுவரில் ஒரு வென்டிலேட்டர் உண்டு, அது பக்கத்து வீட்டு முனியப்பன் படுக்கையறையைப் பார்த்தபடி இருக்கிறது. மறுநாள் காலையில் அவர் கேட்டில் நின்றுகொண்டு, “கணேஷ் சார், உங்க வைஃபை எங்க வீட்ல சூப்பரா காட்டுது. பாஸ்வேர்டு மட்டும் சொல்லிடுங்க” என்றார். வாங்கியது நான், சந்தனம் வைத்தது உங்கள் தங்கை, சிக்னல் கோடு முழுசாகத் தெரிவது முனியப்பனுக்கு! நான் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இரும்பும் பித்தளையும் முன்னால் நின்றால் சிக்னல் தாண்டாது என்று தாரணி விளக்கினாள். “ரௌட்டரையே வேற பக்கம் மாத்திரலாமுங்களா மாமா?” என்றும் கேட்டாள். கையேட்டை எடுத்துக் காட்டினேன். நடுவில் என்றால் நடுவில்தான். ஆகவே பாத்திரங்களைத்தான் நகர்த்த வேண்டும் என்று தீர்மானித்து, வெள்ளிக்கிழமை மங்கை கோயிலுக்குக் கிளம்பியதும் நான் ஸ்டூல் மேல் ஏறினேன். தாரணி மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாம்பாளங்களை இறக்கினேன். “ஒரு கோடு வந்துச்சுங்க!” என்று மேலேயிருந்து குரல். தவலையை இறக்கினேன். “ரெண்டுங்க மாமா!” எனக்கு வீரம் வந்துவிட்டது. பெரிய அண்டாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கி இறங்கினேன். “மாமா! முழுசா வந்துருச்சுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது மச்சான், பிள்ளைகள் போகமாட்டார்கள் என்று. அப்போதுதான் கேட் சத்தம் கேட்டது. அர்ச்சனைத் தட்டோடு உங்கள் தங்கை. சில்லறை எடுக்க மறந்து திரும்பியிருக்கிறாள். நான் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

“என்ன பண்றீங்க?”

“துடைக்கிறேன்.”

“கல்யாணம் ஆன நாளா ஒரு டம்ளரைத் துடைச்சதில்லை. இன்னைக்கு அண்டாவைத் துடைக்கறீங்களா?”

விஷயத்தை ஒப்புக்கொண்டேன், ஃப்ளாட் சமாசாரத்தை மட்டும் முழுங்கிவிட்டு. கட்டிலுக்கு அடியில் வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். “எங்க அண்ணன் இதை லாரியில ஏத்தி, விழுந்துடக் கூடாதுன்னு குடியாத்தத்துலேருந்து நின்னுகிட்டே வந்து இறக்குச்சு. என் பேரு வெட்டின அண்டாவை செருப்பு, பழைய பேப்பர் கூட கட்டிலுக்கடியில தள்ளுவீங்களா? இந்த அண்டா பரணை விட்டு இறங்கினா நானும் அது கூடவே எங்க அண்ணன் வீட்டுக்கு இறங்கறேன்னு வெச்சுக்குங்க!” தாரணி மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். நான் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன். மேலே கோடும் ஒவ்வொன்றாகப் போனது.

இப்போது புரிகிறதா என் நிலைமை? அண்டா இறங்கினால் மனைவி போகிறாள், இறங்காவிட்டால் பிள்ளைகள் போகிறார்கள். அரசாங்கத்தில் இப்படி ஒரு ஃபைல் வந்திருந்தால் வேறு பிரிவுக்குத் தள்ளியிருப்பேன். வீட்டில் அந்த வசதி இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். நீங்களே போன் செய்து, உங்கள் மகள் அம்ருதாவின் நிச்சயதார்த்தச் சமையலுக்குப் பெரிய பாத்திரம் வேண்டும், கொஞ்ச நாள் கொடு என்று கேட்டால் மங்கை மறுக்கவே மாட்டாள். நிச்சயதார்த்தம் இன்னும் பேச்சிலேயே இல்லையே என்று யோசிக்காதீர்கள். நல்ல காரியத்தை முன்கூட்டியே சொன்னால் சீக்கிரம் நடக்கும். வேன் நானே அமர்த்தி அனுப்புகிறேன். உங்கள் கூடத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் போதும். தாரணி வேலையில் நிலைத்தாள், பிள்ளைகள் இங்கேயே இருந்தார்கள் என்ற புண்ணியம் முழுவதும் உங்களுக்குத்தான்.

கண்டிப்பாக நடக்கும் என்றே என் மனது சொல்கிறது. அக்காவுக்கு என் வணக்கம், அம்ருதாவுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை. முருகன் அருளால் எல்லோர் வீட்டிலும் எல்லா அறையிலும் எல்லாம் நிறைந்து வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
கணேசமூர்த்தி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் நடந்ததால் பிரித்து எழுதுகிறேன். மேலே கேட்டதை அடியோடு மறந்துவிடுங்கள். தயவுசெய்து போன் செய்துவிடாதீர்கள்.

மங்கைக்கு ஃப்ளாட் விஷயம் முன்பே தெரியுமாம். சஞ்சய் என்னிடம் மெதுவாகச் சொன்னானே, அந்த மெதுவே சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது. எதுவும் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டு, இன்று காலையில் சின்னப்பாவைக் கூப்பிட்டு அவளே அண்டாவை இறக்கச் சொன்னாள். சொன்னபடி உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்புகிறாளோ என்று பயந்துபோனேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அல்சூரில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். அண்டாவில் ‘மங்கையர்க்கரசி’ என்ற பெயருக்குக் கீழே ‘தாரணி’ என்று புதிதாக வெட்டியிருந்தது. “இனிமே இது உன்னுது. சர்ஜாபுரம் போனாலும் சரி, எங்க போனாலும் சரி, கூடவே எடுத்துட்டுப் போ” என்று மருமகள் முன்னால் வைத்தாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தாரணி அண்டாவைத் தடவிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், போனை எடுத்து ஃப்ளாட்காரரைக் கூப்பிட்டாள். “சார், உங்க வீட்ல பரண் இருக்குதுங்களா? … இல்லீங்களா? அப்ப சரிப்படாதுங்க. எங்கிட்ட பெரிய அண்டா இருக்குது” என்று வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “மாமா, அண்டா என்னோடதுங்க, அது பரண்லதான் இருக்கும். ரௌட்டர் உங்களோடது, அதுதான் இறங்கணும்” என்றாள். எழுந்து வாதாட எனக்கு விதி எதுவும் ஞாபகம் வரவில்லை. சின்னப்பா கொஞ்சம் நீளமான வயராக இழுத்து மாடிப்படித் திருப்பத்தில் ரௌட்டரை மாட்டிவிட்டார். அரை மணி வேலை. மாடியில் முழுசாக வருகிறது. முனியப்பனுக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லையாம், வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

அண்டா திரும்பப் பரணுக்கு ஏறுவதற்கு முன் கிட்டே போய்ப் பார்த்தேன். தாரணி பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். “கடைக்காரன் ஏன் பேரை இப்படி மேலே தூக்கி வெட்டியிருக்கிறான்?” என்று கேட்டேன். “நான்தான் அப்படி வெட்டச் சொன்னேன். அடுத்த பேருக்கு இடம் வேணாமா? நீங்க அவசரப்படாதீங்க” என்றாள் உங்கள் தங்கை. தாரணி சிரித்துக்கொண்டே மீட்டிங்குக்கு மாடியேறிவிட்டாள்.